உப்பு உன் இஷ்டம்

அந்த ஜமீன்தாருக்கு அடிக்க ஒரு சாக்கு வேண்டும். சமைக்க வருகிறவரிடம், "உப்பு உன் இஷ்டம்" என்பார். கூடினாலும் சவுக்கு, குறைந்தாலும் சவுக்கு. முன்பு சமைத்தவர் முதுகு கிழிந்து ஓடிப்போனார்.

அடுத்து வந்தவள் சீனியம்மா. விருந்தன்று அவளே பரிமாறினாள். ஜமீன்தார் ஒரு வாய் வைத்தார்.

"சாம்பார்ல உப்பே இல்லையேடி!"

சவுக்குக்காரன் அவள் பின்னால் வந்து நின்றான்.

"இலை ஓரத்துல வச்சிருக்கேன் எசமான்," என்றாள். "எவ்வளவுன்னு உங்க இஷ்டம்."

ஜமீன்தார் ஆத்திரத்தில் மொத்த உப்பையும் வழித்துப் போட்டுப் பிசைந்து தின்றார். முகம் கோணியது.

"கூடிப்போச்சா எசமான்?"

பந்தியே ஜமீன்தார் பக்கம் திரும்பியது. சவுக்குக்காரன் எசமானைப் பார்த்தான்.

"சரியாத்தான் இருக்கு," என்ற ஜமீன்தார், கண்ணில் நீர் முட்ட, கடைசிப் பருக்கை வரை விழுங்கினார்.