படியில் எழுதிய பெயர்

"ஊத்தாதீங்கம்மா" என்று குருவின் கையிலிருந்த செம்பைப் பிடித்துக்கொண்டாள் தாரா.

குரு அவளைவிட வயதில் இளையவள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மடத்தில் சேர்கிறவரின் பழைய பெயரை வாசற்படியில் அரிசிமாவால் எழுதி, நீரூற்றிக் கழுவிவிடுவது வழக்கம். அதன்பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவர் திரும்பக் கூடாது.

"விட மனசில்லையா?"

"விடலாம். என்னத்தை விடறேன்னு தெரிய வேண்டாமா? பெத்தவ குடுத்தது இந்தப் பெயர் ஒண்ணுதான். அவ எந்த நாடு, என்ன பாஷை, எதுவும் தெரியாது. அர்த்தம் தெரிஞ்சா அவளைத் தெரிஞ்சிடும்."

"விருந்தினர் கூடத்தில ஊர் ஊரா ஆள் இருக்காங்களே. கேட்டுட்டு வாங்க."

குரு செம்பைப் படியோரம் வைத்தாள்.

தாரா திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. எறும்புகள் மாவைக் கண்டுபிடித்துவிட்டன. முதலெழுத்தின் ஓரம் குறைந்திருந்தது.

"காசிக்காரர் நட்சத்திரம்ங்கறார். திபெத்துப் பிக்குணி, கரைசேர்க்கிற தெய்வம்ங்கறா. அயர்லாந்துப் பொண்ணு, அவ நாட்டில அது ஒரு குன்றுங்கறா."

"அவ்வளவுதானா?"

தாரா தயங்கினாள்.

"சமையற்கட்டில பொன்னம்மையையும் கேட்டேன். அவ ஊர்ல வாத்தாம். நடையும் பொருத்தமாத்தான் இருக்குங்கறா."

குரு வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதில எது வேணும்?"

"பெத்தவ நினைச்சது."

"பெயரை யார் உங்களுக்குச் சொன்னது?"

"வளர்த்த ஆயா. துறைமுக ஆஸ்பத்திரியில வேலை. அவ கையில என்னைக் குடுத்துட்டு அம்மா கப்பலேறிட்டா."

"குடுக்கும்போது சொன்னாளா?"

"இல்லை. அப்போ வாயே திறக்கலையாம். கப்பல் நகர்ந்த பிறகு மேல்தட்டில நின்னு 'தாரா, தாரா'ன்னு கூப்பிட்டாளாம். கண்ணுக்கு மறையற வரைக்கும்."

குரு வாசலுக்கு எதிரே ஓடிய ஆற்றைப் பார்த்தாள்.

"அக்கரைக்குப் போங்க."

கோடை ஆறு. முழங்கால் ஆழம். தாரா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"வாத்து தண்ணியில இறங்கிடுச்சு!" என்றாள் பொன்னம்மை, சமையற்கட்டு ஜன்னலிலிருந்து.

அக்கரை மணலில் ஏறிய தாரா, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தாராஆஆ..."

குருவின் குரல். அவள் திரும்பவில்லை.

"தாராஆஆ..."

பெயர் தண்ணீரின் மேல் உடையாமல் வந்து முதுகைத் தொட்டது.

"இருக்கேன்!"

தன் தொண்டையில் அத்தனை பெரிய குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"இங்கதான் இருக்கேன்!"

ஆற்றைக் கடந்து வந்தவளின் முகமும் நனைந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அர்த்தம் கிடைச்சுதா?" என்றாள் குரு.

"முதல்ல சேலையைப் பிழியணும்மா."

"தாரா, இலை போட்டாச்சு!" என்று உள்ளேயிருந்து பொன்னம்மை கத்தினாள்.

"வந்துட்டேன்."

படியை மிதிக்காமல் தாண்டி அவள் உள்ளே போனாள்.

குரு செம்பை எடுத்தாள். தண்ணீரை வாழையடியில் ஊற்றினாள்.