சூளைத் தெருவுக்கு வந்த வெண்கொற்றக் குடை

முன்னொரு காலத்தில், புகை எவ்வளவு கிளம்புகிறதோ அவ்வளவுக்கு நாடு முன்னேறுகிறது என்று நம்பிய ஒரு ராஜா இருந்தார். தன் தலைநகர் அண்டை நாட்டுத் தலைநகரைவிட உயரமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் போதாதா? மாடமாளிகைகள் எழும்பின. செங்கலும் சுண்ணாம்பும் சுட ஊருக்குள்ளேயே சூளைகள் மூட்டினார்கள். சாலையோரத்துப் புளியமரங்கள் எல்லாம் விறகாகிப் போயின.

ஊரே இருமியது. நகர விருத்தி மந்திரி தாண்டவராயர் மட்டும் தினமும் காலையில் அரண்மனை மல்லிகைத் தோட்டத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். "காற்று சுத்தம்!" என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்.

அரசவை விகடகவி சடையாண்டியின் வீடு சூளைத் தெருவில் இருந்தது. அவனுடைய சின்ன மகள் வஞ்சிக்கு ஓயாத இழுப்பு. சபையைச் சிரிக்க வைக்கிறவன் இரவெல்லாம் அவள் நெஞ்சைத் தடவிக்கொடுத்தபடி உட்கார்ந்திருப்பான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டான்.

"பிரபு, எங்கள் தெருக் காற்று குழந்தைகளைக் கொல்கிறது."

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "இது ராஜ நிந்தனை! அப்படிப்பட்ட காற்றை இவன் சபைக்குக் கொண்டுவந்து கண்ணுக்குக் காட்டட்டும். இல்லையேல் நாடு கடத்துங்கள்!"

ராஜாவுக்கு வேடிக்கை பிடிக்கும். "ஒரு வாரம் தந்தோம்" என்றார்.

"அப்படியானால் தங்கள் வெண்கொற்றக் குடையை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள், பிரபு. குடிகள் எல்லோரும் அதன் நிழலில் வாழ்கிறோமாம். நாங்கள் இன்னும் பார்த்ததில்லை."

ராஜா பூரித்துப்போய்க் குடையோடு இரண்டு காவலர்களையும் அனுப்பினார்.

வாரம் கழிந்து சபைக்குத் திரும்பிய குடை, சோற்றுப்பானையின் அடிபோலக் கறுத்திருந்தது.

"பிரபு, தாங்கள் கேட்ட காற்று" என்றான் சடையாண்டி.

"கரியைப் பூசிவிட்டான்! துரோகி!" என்று கத்தினார் தாண்டவராயர்.

காவலர்களில் ஒருவன் இருமிக்கொண்டே முன்னால் வந்தான். "சாமி, குடைகிட்ட ஒருத்தரும் வரலீங்க. நாங்களே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் நின்னோம்."

சடையாண்டி கைகூப்பினான். "மந்திரியாரை நான் மறுப்பேனா, பிரபு? வேறொரு வெண்குடை தாருங்கள். அவரே அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவில் ஒரு வாரம் உட்காரட்டும். அதுவரை தோட்டத்தில் மூச்சு இழுக்கும் கடினமான வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தாண்டவராயருக்கு முகம் வெளுத்தது. "பிரபு... எனக்கு நெஞ்சு கொஞ்சம் பலவீனம்."

"சுத்தமான காற்றில் நெஞ்சுக்கு என்ன கேடு, மந்திரியாரே?" ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சடையாண்டிக்குப் பொற்கிழி கொடுத்தார். மந்திரியின் குடித்தனத்தை அன்றே சூளைத் தெருவுக்கு மாற்றச் சொன்னார்.

சூளைகளை நகர்த்தவே முடியாது என்று ஆயிரம் காரணம் சொல்லிவந்த தாண்டவராயர், அரை நாளில் ஆற்றுக்கு அப்பால் அவற்றுக்கு இடம் கண்டுபிடித்துவிட்டார். சாலையோரத்தில் கன்றுகள் நட்டு, தானே தண்ணீரும் ஊற்றினார். ராஜாவின் கருணையால் புகை ஒழிந்தது என்று தண்டோரா போட்டார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவன் சடையாண்டிதான். வீட்டில் வஞ்சி இழுப்பில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். பெருமையை யார் எடுத்துக்கொண்டால் அவனுக்கென்ன?