வாசல் நாற்காலி

"இன்னைக்கு நான் உள்ளே வரலைம்மா. இங்கேயிருந்தே சொல்லிட்டுப் போயிடுறேன்."

சேவுகன் படிக்கு வெளியே நின்று இதைச் சொன்னான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தையல் வகுப்புக் கூடம் அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தையல் மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். ஐந்தரைக்கே வந்து பெருக்கி, நாற்காலி போட்டு, டீ கொதிக்க வைக்கிறவள் ரெஜினா. மாவு மில் வைத்திருக்கிறாள். வயது முப்பத்துநாலு. ஒரு காலத்தில் அவளும் குடித்தவள்தான். விட்டுப் பதினோரு வருஷம். குருவம்மா என்று யாரோ கிண்டலுக்குக் கூப்பிடப்போய், கிண்டல் போய்ப் பேர் மட்டும் நின்றுவிட்டது.

"சொல்லுங்கண்ணே," என்றாள். கையில் துடைப்பம்.

"ஞாயித்துக்கிழமை மச்சினன் வீட்டுக் காதுகுத்து. குடிச்சிட்டேன்."

"ம்."

"நாப்பத்தொரு நாளும்மா. நாப்பத்தொரு நாள் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன். ஒரே மத்தியானத்துல போச்சு."

"ம்."

"திட்டவாவது செய்யேன்மா."

"வீட்டுல திட்டலையா?"

"அவ திட்டல. துணியை மடிச்சுப் பையில வச்சிட்டா. 'செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போய் உட்காரலைன்னா, புதன்கிழமை காலையில புள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்'னா. வேற ஒரு வார்த்தை பேசல."

"அப்ப உள்ளே வாங்க."

சேவுகன் அசையவில்லை. கதவோரத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. குடியை விட்டு எத்தனை நாள் ஆச்சோ, அதை வைத்துத்தான் இடம். நாள் கூடக் கூட உள்ளே உள்ளே தள்ளி உட்காரலாம். புதுசாக வந்தவர்களுக்குக் கதவோரம் இரண்டு நாற்காலி. சேவுகன் போன வாரம்தான் ஃபேனுக்கு நேர் கீழே வந்திருந்தான். அன்றைக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்த தோரணையைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குக் காத்து வந்திருச்சு டோய்!" என்று தபால்காரர் அருளப்பன் கத்த, கூடமே சிரித்தது.

"மறுபடியும் அங்கேயா உட்காரணும்?"

"ஆமாண்ணே."

"அருளப்பன் பார்ப்பாரு."

"பார்ப்பாரு."

"ஒயின்ஷாப் வாசல்ல வேட்டி போனது தெரியாமக் கிடந்திருக்கேன். ஊரே பார்த்துச்சு. அப்ப வராத வெக்கம் இப்ப வருதும்மா."

"தெளிஞ்சவங்களுக்குத்தானண்ணே வெக்கம் வரும்."

அவனுக்குச் சுருக்கென்றது. "இந்த வழக்கத்தை யாரு வச்சது? தப்புப் பண்ணுனவனுக்குத் தண்டனையா இது?"

ரெஜினா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி எடுத்து வந்து, இரண்டையும் அவனிடமே நீட்டினாள்.

"ஒண்ணு உங்களுக்கு."

"இன்னொண்ணு?"

"போய் உட்காருங்க."

"யாருக்குன்னு கேட்டேன்."

"ஆறிப்போகுதுண்ணே."

இரண்டு கையிலும் சுடச்சுட டம்ளரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் படியில் நிற்பான்? செருப்பைக் காலாலேயே உதறினான். விறுவிறுவென்று வந்து கதவோரத்தில் உட்கார்ந்தான். கூட்டம் முடியும் மட்டும் செத்தாலும் எந்திரிக்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஒவ்வொருவராக வந்தார்கள். அருளப்பன் அவனைப் பார்த்ததும் நின்றார். ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். கிண்டல் பண்ணியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

ஆறே காலுக்கு ஒருவன் வந்து வாசலில் தயங்கினான். முப்பது வயது இருக்கும். கணுக்காலில் காய்ந்த சிமெண்டு.

"இங்கதானா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"இங்கதான் தம்பி. வா, உட்காரு," என்றான் சேவுகன்.

பேர் துரைக்கண்ணு. கொத்தனார். மிச்சமிருந்த டம்ளரைக் கையில் கொடுத்தால் டீ விளிம்பைத் தாண்டித் தளும்பியது. அவ்வளவு நடுக்கம். சேவுகன் டம்ளரின் அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான். பாதி டீ அப்படித்தான் உள்ளே போனது.

உள்கோடி நாற்காலியிலிருந்து ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

ரெஜினா எழுந்தாள். "விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு."

கைதட்டினார்கள்.

"ஆறு வருஷம்," என்றார் அருளப்பன்.

கைதட்டினார்கள்.

தேங்காய்க் கடைக்காரர், "மூணு வருஷம் நாலு மாசம்."

ஒவ்வொரு கைதட்டலுக்கும் துரைக்கண்ணு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். சேவுகன் கவனித்தான். கதவுக்கு வெளியே கிடந்த செருப்புக்குள் அவன் ஒரு கால் போயிருந்தது.

"இவங்கெல்லாம் சாமிண்ணே," என்று கிசுகிசுத்தான். "நமக்கு ஆகாது. நான் வர்றேன்."

அதற்குள் சேவுகன் முறை வந்துவிட்டது.

எழுந்தான். அருளப்பனைப் பார்க்கவில்லை. ரெஜினாவையும் பார்க்கவில்லை.

"என் பேரு சேவுகன். நான் ஒரு குடிநோயாளி. நாப்பத்தொரு நாள் இருந்தேன். முந்தாநாள் குடிச்சிட்டேன். நேத்துக் குடிக்கல." செருமிக்கொண்டு, கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்: "ஒரு நாள் ஆச்சு."

யாரும் கைதட்டவில்லை.

துரைக்கண்ணு செருப்பிலிருந்து காலை எடுத்தான். சேவுகனின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான்.

"ஒரு நாளாண்ணே? முழுசா ஒரு நாளா? சாயங்காலம் அந்த ஒயின்ஷாப் வழியாத்தானே வீட்டுக்குப் போகணும், அப்ப என்ன செஞ்சீங்க?"