தாத்தா கொடுத்த குழி

கருக்கன்வலசில் டென்னிஸ் கிளப் இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுகிறவள் வேலாத்தாள். ஒரு நாள் ஆட்டத்துக்கு நடுவே அரிசி ஆலை முதலாளி கனகசபாபதி காரில் வந்து இறங்கினார்.

"இது எங்க தாத்தா கிளப்புக்குக் குடுத்த இடம். எனக்கு நெல்லுக் காயப்போடக் களம் வேணும். நாளைக்குக் காலி பண்ணிருங்க" என்றார்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் மட்டையும் கையுமாக விழித்தார்கள். வேலாத்தாள் தண்ணீர்க் குழாயைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்க பொருளெல்லாம் என்னங்க பண்றது?"

"எடுத்துட்டுப் போங்க. ஊரார் பொருள் ஒரு பிடிகூட எனக்கு வேண்டாம். எங்க தாத்தா குடுத்தது மட்டும் போதும்."

"சரிங்க" என்றாள்.

மறுநாள் அவர் வந்தபோது ஊரே மண்வெட்டியும் கூடையுமாக மைதானத்தை வெட்டி அள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?" என்று பதறினார்.

"உங்க தாத்தா குடுத்தது கல்லு வெட்டுன குழிங்க. வருசா வருசம் மழை விட்டதும் வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு கொட்டி, எங்க பாட்டன் காலத்துல இருந்து நிரவுனது இது. எங்க மண்ணை நாங்க எடுத்துக்கறோம். குழி வந்ததும் சொல்றோம், நெல்லைக் கொட்டிக்குங்க" என்றாள் வேலாத்தாள்.

குழியில் தேங்கிய மழைத்தண்ணீரில் நெல்லும் தவளையும் ஒன்றாக மிதப்பது முதலாளியின் கண்முன் வந்தது. "மண்ணைத் திரும்பப் போட்டு நீங்களே ஆடிக்குங்க" என்று முனகினார்.

"போட்டுடறோமுங்க. எல்லா வீட்டு மண்ணும் இதுல இருக்குது. உங்க வீட்டுக் கூடைதான் இன்னும் வரலீங்க."

சாயங்காலம் ஆட்டம் தொடங்குமுன் அதுவும் காரில் வந்து இறங்கியது.