துணிப்பாம்பும் ஒரு விரல் காத்தும்

ஒரு ஊர்ல ஒரு ஜன்னல் இருந்துச்சாம். ராஜா இல்ல, ராணி இல்ல, ஜன்னல்தான். ஏன், ஜன்னலுக்குக் கதை இருக்கக் கூடாதா? காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கோ. நீ ‘ம்’ சொன்னாத்தான் கதை நகரும்.

ம்.

ஊரு கோத்தகிரி. தேயிலைத் தோட்டத்து ஓரமா ஒரு வாடகை வீடு. அதுக்குப் பரமக்குடியிலேர்ந்து அழகுராணினு ஒருத்தி குடிவந்தா. புருஷன் பூமிநாதனுக்கு டீ ஃபேக்டரியில வேலை. கையில நாலு மாசக் குழந்தை. பேர் வைக்கிறதுல ரெண்டு வீட்டுக்கும் சண்டை தீராததால, அதுக்கு அப்போ பேரு பாப்பாதான்.

பரமக்குடி, ஒரு இலை அசைஞ்சாலே ‘அப்பாடா’னு சட்டையைக் கழட்டுற ஊரு. அங்க பொறந்தவளுக்கு மலைக்காத்தைப் பத்தி என்ன தெரியும்? வந்த அன்னிக்கே ஜன்னல் இடுக்குல அது மூக்கை நீட்டுச்சு.

“ஊஊஊ… உள்ள வரட்டா?”

பாப்பா ‘அச்’சுனு தும்முச்சு. அப்புறம் மூக்கு ஒழுகுச்சு. அப்புறம் நெஞ்சுல கர்ர் கர்ர்னு சத்தம். டாக்டர், “குளிர்காத்து படாம பார்த்துக்கோங்கம்மா, இன்னொரு தடவை வந்தா பெட்ல சேர்க்கணும்”னுட்டார். பூமிநாதன் முகம் தொங்கிப்போச்சு. “உங்க ரெண்டு பேரையும் ஊருக்கே அனுப்பிடறேன்”னான்.

அழகுராணிக்கு அது பொறுக்கல. ஊருக்குப் போனா பாப்பாவோட அப்பன் மாசத்துக்கு ஒருக்கா வர்ற விருந்தாளி ஆயிடுவானே!

“ஒரு வாரம் குடுங்க. இந்த ஜன்னலை நான் பாத்துக்கிறேன்”னா.

ம்.

ஆனா பக்கத்துலயே வீட்டுக்காரம்மா, மாதியம்மா. வாயத் திறந்தா ஒரே பாட்டு. “அம்மணி, ஆணி மட்டும் கூடாது. சட்டத்துல ஒரு ஓட்டை விழுந்தாலும் வீட்டைக் காலி பண்ணிக்கோ.” ஏதோ தங்கத்துல இழைச்ச மாதிரி! கொக்கி தேஞ்சு, பெயிண்ட் உரிஞ்சு, கறையான்கூட மோந்து பார்த்துட்டு வேண்டாம்னு போன மரம் அது.

அப்போ அழகுராணி என்ன பண்ணா? ஊதுபத்தி ஒண்ணு கொளுத்தி, ஜன்னலைச் சுத்தி மெல்ல நகர்த்திப் பார்த்தா. புகை எங்க வளையுதோ அங்கதான் காத்து நுழையுது. கெட்டிக்காரிதான். கீழ வளைஞ்சுது, மேல வளைஞ்சுது, ரெண்டு கதவும் சேர்ற இடத்துல நெளிஞ்சே போச்சு.

மொதல்ல மைதாப் பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கிழிச்சு ஒட்டுனா. பனி இறங்குச்சு. பேப்பர் ஊறி, பொத்துனு விழுந்துச்சு. பசையை எலி தின்னுட்டு ஏப்பம் விட்டுச்சு.

“ஊஊஊ… உள்ள வரட்டா?”

“வராதே, போ!”

அப்புறம் மெத்தை சுத்தி வந்த பாலித்தீன் உறையை விரிச்சு, சுத்திவர டேப் போட்டா. காத்து அடிக்க அடிக்க அது தொப்பை வெக்கும், சுருங்கும். படக் படக், படக் படக். பாப்பா தூங்கல, யாரும் தூங்கல. காலையில மாதியம்மா வந்துட்டாங்க. “நீலகிரியில பாலித்தீனா? செக்போஸ்ட்ல எப்படி அம்மணி விட்டாங்க?” அவங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள டேப்பு சர்ருனு பிச்சுக்கிச்சு.

“ஊஊஊ… உள்ள வரட்டா?”

“வராதேனு சொன்னேன்ல!”

தூங்கிட்டியா?

ம்ஹும்.

மூணாவதா, பழைய சேலையை நீளமாக் கிழிச்சுப் பை மாதிரி தைச்சா. தச்சுப்பட்டறையிலேர்ந்து மரத்தூள் வாங்கித் திணிச்சா. கை பருமனுக்கு ஒரு துணிப்பாம்பு! அதைக் கீழ்ச்சட்டத்துல படுக்க வெச்சா. வேட்டிக் கிழிசலைத் திரிச்சு, மத்த இடுக்குல எல்லாம் கரண்டிக் காம்பால குத்திக் குத்தி அடைச்சா. துவைக்கிறப்போ ஒரே இழுப்புல வரட்டும்னு திரியைப் பாம்போட வால்லயே தைச்சுட்டா. கதவுக்கடியில இன்னொரு குட்டிப் பாம்பு.

ஊதுபத்தி கொளுத்துனா. புகை நூல் புடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. காத்து கப்சிப்.

அன்னிக்குச் சனிக்கிழமை. பூமிநாதன் வேலைக்குப் போயிட்டான். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்ததும் பாப்பாவுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுனா. அவ ஊர் வழக்கம், கதவைச் சாத்திட்டுக் கங்குல சாம்பிராணி போட்டு, குழந்தைக்குப் புகை காட்டுவாங்க. காட்டுனா. அங்கெல்லாம் அப்புறம் அந்த நெருப்பை வெளியில வெச்சிடுவாங்க. இங்க குளிராச்சே, கதகதப்பா இருக்கட்டுமேனு கரி நிறைஞ்ச குமுட்டி அடுப்பையே உள்ள கொண்டுவந்து வெச்சா. தாழ்ப்பாளும் போட்டா.

அறை கருவறை மாதிரி இதமா இருந்துச்சு. அவளுக்குக் கண்ணு சொக்குச்சு. தலை விண் விண்ணுனுச்சு. ராத்தூக்கம் கெட்டதுதான்னு நெனைச்சா. குளிச்ச கையோட பாலுக்கு ஊரைக் கூட்டுற பாப்பா, அன்னிக்குச் சத்தமே போடல. சமத்துனு நெனைச்சா.

அப்போ ஜன்னலோரம் ஏத்தி வெச்சிருந்த ஊதுபத்தியோட புகையைப் பார்த்தா. நேரா நிக்குது. பெருமையாத்தான் பார்த்தா. பார்த்துக்கிட்டே பாப்பாவோட கையைத் தூக்குனா. அது துணி மாதிரி தொப்புனு விழுந்துச்சு.

புகை போகல. அப்போ எதுவுமே போகல. எதுவுமே வரல.

எந்திரிச்சா, முழங்கால் மடங்குச்சு. கதவு ரொம்பத் தூரத்துல இருந்துச்சு. ஜன்னல் பக்கத்துல. கையில ஈ ஓட்டக்கூட பலமில்ல. துணிப்பாம்போட வால்தான் மாட்டுச்சு. இழுத்தா.

சர்ர்ர்ர்!

பாம்பு மொத்தமும் திரியோட வந்து விழுந்துச்சு. தேஞ்ச கொக்கி தானா நழுவுச்சு. ஜன்னல் படார்! இந்தத் தடவை காத்து கேட்கவேயில்ல. ஊஊஊனு நேரா வந்து பாப்பா முகத்துல அடிச்சுது.

“வீஈஈல்!”

பயப்படாதே, கையை விடு. அழுதா நல்லதுதான்.

தோட்டத்துல பீன்ஸ் பறிச்சுட்டிருந்த மாதியம்மா ஓடிவந்து, ஜன்னல் வழியா உள்ள ஏறித் தாழ்ப்பாளைத் தள்ளி, ரெண்டு பேரையும் வாசலுக்கு இழுத்தாங்க. ஜீப்புல ஆஸ்பத்திரி, மூக்குக்கு ஆக்ஸிஜன். ரெண்டு நாள்ல ரெண்டு பேரும் தேறிட்டாங்க.

“அடைச்ச அறையில யாராச்சும் கரி வெப்பாங்களா? அதுல விஷக்காத்து வரும் அம்மணி!”னு மாதியம்மா கத்துனாங்க.

“ஆணி அடிக்காதேனு மட்டும்தானக்கா சொன்னீங்க.”

மாதியம்மா பாப்பாவோட போர்வையை இழுத்து விட்டாங்க. அப்புறம் மெல்ல, “எங்களுக்கெல்லாம் இது நடக்கப் பழகுறப்பவே தெரியும். அதான் சொல்லத் தோணல”ன்னாங்க.

அழகுராணி உள்ளங்கையைப் பார்த்தா. ஆணி அடிச்சிருந்தா அந்த ஜன்னல் திறந்திருக்குமா? அதை அவ வாய்விட்டுக் கேட்கல. மாதியம்மாவும் அதுக்கப்புறம் அந்த ஆணிப் பாட்டைப் பாடல.

குமுட்டி வாசலோட நின்னுபோச்சு. பாப்பாவுக்கு மாதியம்மா கம்பளிச் சட்டை பின்னிக் குடுத்தாங்க. பூமிநாதன் அவங்களை ஊருக்கு அனுப்ப வாங்கி வந்த பஸ் டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டான். துணிப்பாம்பு மறுபடி ஜன்னல்ல ஏறுச்சு. மேல மட்டும் ஒரு விரல் அளவு இடம் விட்டா அழகுராணி. ஊதுபத்தியை அங்க நீட்டுனா. புகை லேசா வளைஞ்சுது. அவளுக்கு அப்போதான் மூச்சே வந்துச்சு.

“ஊஊ… உள்ள வரட்டா?”

“வா. ஒரு விரல்தான்.”

…

ம் எங்க? சரி, வேண்டாம். கதையைச் சாத்தியாச்சு, மேல ஒரு விரல் திறந்திருக்கு, கனவு அந்த வழியா வரும். தூங்கு.