அட்டைப்படி பிஸ்கட்

சாத்தூரில் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே பிஸ்கட் செய்து விற்றவர் நவநீதன். நூறு கிராமில் மாவுச்சத்து ஐந்தே கிராம் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். மாவு பிசையும் குருவம்மாள் மட்டும் அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒருநாள் அந்தப் பிஸ்கட்டை வாங்கி விற்கும் வியாபாரிகள் திரண்டு வந்தார்கள். அவர்களில் ஒருவரான காசீம் பாய், "போன்ல இன்சுலின் அளவு சொல்ற செயலியும் உங்க அட்டைக் கணக்கைத்தான் காட்டுச்சு. அதை நம்பி என் தங்கச்சி இன்சுலினைக் குறைச்சுப் போட்டா. சர்க்கரை நானூறுக்கு ஏறி ஆஸ்பத்திரியில கிடக்கா!" என்று கொதித்தார்.

நவநீதன் அசரவில்லை. "குருவம்மா! இவங்க கண் முன்னாடியே அட்டையில உள்ளபடி செஞ்சு காட்டு. மாவு ஒரு கிராம் கூடினாலும் உனக்கு இங்கே வேலை இல்லை!"

"சரிங்க முதலாளி" என்றாள். ஒரு கிலோ கலவைக்கு ஒரு கைப்பிடி மாவுதான் போட்டாள். மீதியெல்லாம் வெண்ணெய். அடுப்பிலிருந்து தட்டை எடுத்தபோது அதில் நெய்க்குளம் ததும்பியது.

"என்னடி இது?" என்று அலறினார் நவநீதன்.

"அட்டையில உள்ள பிஸ்கட்டுங்க. கரண்டி கொண்டு வரட்டுமா?"

காசீம் பாய் மெதுவாகக் கேட்டார்: "தினமும் எவ்வளவும்மா மாவு போடுவே?"

"கிலோவுக்கு அறுநூறு கிராம் பாய். முதலாளி உத்தரவு."

வியாபாரிகள் அத்தனை பெட்டியையும் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் புது அட்டை வந்தது. எண் சரிதானா என்று நவநீதனே குருவம்மாளிடம் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்திருந்தார்.