தேன்மொழியின் தட்டு

சிறுமலை அடிவாரத்தில் தவமணி என்றொரு பெண் ஆசான் இருந்தார். பதினைந்து வருஷமாக நெருப்பில் வெந்த எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. தேங்காய், பழம், ஊறவைத்த அவல், முளைகட்டிய பயறு, தோட்டத்துக் காய். அவ்வளவுதான். அவரிடம் பத்து நாள் இயற்கை உணவு முகாமுக்கு வந்து போனவர்களில் சிலர் சீடர்களாகவும் ஆனார்கள். சர்க்கரை நோய்க்காக வந்த குணசீலன் அப்படி ஆனவன். ஆசானைவிட நாலு வயது மூத்தவன். திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் அவன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆசானின் குடிலுக்கு வந்தான். இழுத்துக்கொண்டு வந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு வயது தேன்மொழியின் மணிக்கட்டு அவன் பிடியில் கன்றிப் போயிருந்தது.

"அம்மா, இவளுக்கு நீங்கதான் புத்தி சொல்லணும்."

"என்ன செஞ்சா?"

"திருடித் தின்னுருக்கா."

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு டீச்சர் கூப்பிட்டனுப்பியிருந்தார். பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து தேன்மொழி இட்லியை எடுத்துத் தின்றுவிட்டாளாம். டீச்சர் அதற்காகக் கோபப்பட்டிருந்தால்கூட குணசீலனுக்குப் பொறுத்திருக்கும். அவர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதும் கஷ்டமா சார்? தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவோட மதியச் சாப்பாட்ட நாங்களே பாத்துக்குறோம்" என்றார்.

நாலு பேரை வேலைக்கு வைத்திருக்கிறவன் அவன். இரண்டு நாளாக அந்த வார்த்தை அவனுக்குள் கிடந்து கொதித்தது.

"பிச்சைக்காரன்னு நெனச்சுட்டாங்கம்மா என்னை. வீட்ல என்ன கொறை? நாட்டுப் பழம், தேன், நல்ல தேங்காய். ஊர்ல எந்தப் பிள்ளைக்குக் கெடைக்குது இது?"

தவமணி பிள்ளையைப் பார்த்தார். கவுனின் தோள்பட்டை நழுவி நழுவி இறங்கியது. அவள் அதை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளாச்சு, குழந்தைங்க இப்படிச் சாப்பிட ஆரம்பிச்சு?"

"ஆறு மாசம். முகாம் முடிஞ்சு போன அன்னைக்கே கேஸ் அடுப்பத் தூக்கி மச்சினன் வீட்ல குடுத்துட்டேன்."

மனைவி சுகந்தி மூன்று வயது மகனை இடுப்பில் வைத்தபடி தூணோரம் நின்றிருந்தாள். முதல் மாதம் அவனோடு சண்டை போட்டவள். பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டுவிட்டாள்.

"சாப்பாட்டு நேரம்," என்றார் தவமணி. "முதல்ல சாப்பிடுங்க."

தரையில் பாய் விரித்தார். அவரே பரிமாறினார். பப்பாளி, வெள்ளரிக்காய், தேங்காய்த் துருவல் போட்ட அவல். குணசீலன் ஒரு பக்கம் உட்கார்ந்தான். எதிரே பிள்ளைகளும் சுகந்தியும். தவமணி சாப்பிடவில்லை. சுவரோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி ஒரு பப்பாளித் துண்டை எடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாயில் போட்டாள். மறுபடி பார்த்தாள். மென்றாள். விழுங்கியதும் இன்னொரு முறை பார்த்தாள். சின்னவனும் அப்படியே செய்தான். அக்காளைப் பார்த்துக் கற்றிருப்பான் போல.

குணசீலனுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. "பாருங்க, எவ்வளவு ஒழுங்கா சாப்பிடுறா. வெளிய போனாத்தான் புத்தி மாறுது" என்றான்.

தவமணி எழுந்து வந்து அவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில், அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

தேன்மொழியின் கை தட்டிலேயே நின்றது. அவள் இடது பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். தவமணியும் அந்தப் பக்கம் நகர்ந்தார். வலது பக்கம் சாய்ந்தாள். அவர் அங்கும் மறைத்தார்.

பிள்ளை கையிலிருந்த துண்டைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டது.

"சாப்பிடும்மா."

"அப்பா பாக்கல."

"பாக்காட்டி என்ன? உனக்குப் பசிக்கலையா?"

தேன்மொழிக்கு அந்தக் கேள்வி புரிந்த மாதிரி தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மடியில் ஒரு சொட்டு விழுந்தது.

தவமணி திரும்பினார். இத்தனை மாதப் பழக்கத்தில் அந்த முகத்தில் குணசீலன் கோபத்தைக் கண்டதில்லை. இப்போது கண்டான்.

"உங்ககிட்ட நான் குழந்தைகளப் பத்தி ஏதாவது சொன்னேனா?"

"சொல்லணுமா? எனக்கு நல்லதுன்னா அவங்களுக்கும் நல்லதுதானே?"

"சர்க்கரை உங்களுக்கா, இவளுக்கா?"

"வந்துரக் கூடாதுன்னுதாம்மா!" அவன் குரல் உயர்ந்தது. "எங்கப்பாவுக்கு இதே சர்க்கரையில கால முழங்காலோட எடுத்தாங்க. அம்பத்திரண்டு வயசு. கட்டுப் போட்ட காலைக் கட்டில்ல வச்சுக்கிட்டு, 'சீலா, விரல் அரிக்குதுடா, சொறிஞ்சு விடு'ம்பார். அங்க விரலே இல்ல. நான் சொறியுற மாதிரி கைய ஆட்டுவேன். என் பிள்ளைங்க அப்படி ஆட்டக் கூடாது."

சின்னவன் வெள்ளரியைக் கடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"அதுவும் போக," என்றான் குணசீலன், "சித்திரை மாசக் கூட்டத்துல எனக்கு மாலை போட்டது யாரு? இருநூறு பேர் முன்னால, 'குடும்பத்தையே மாத்திக் காட்டினவர்'னு சொன்னது யாரு? அன்னைக்குக் கேக்க வேண்டியதுதானே?"

தவமணி சுகந்தியைப் பார்த்தார்.

"நான்தான். அன்னைக்கு நான் உங்களைத்தான் பாத்தேன். பின்னால நின்ன சுகந்தியப் பாக்கல. தப்பு."

சொல்லிவிட்டு எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். குடிலுக்குக் கீழே தோட்டக் காவல்காரர் வீடு இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் கையில் ஒரு தூக்குவாளி. திறந்தார். சுடுசோறும் ரசமும். ஆவி எழுந்து அறையெங்கும் மிளகும் பூண்டும் மணத்தது.

குணசீலன் துள்ளி எழுந்தான்.

"என்னம்மா இது? சமைச்ச உணவு உள்ள வரக் கூடாதுன்னு வாசல்ல போர்டு மாட்டியிருக்கீங்க."

"மாட்டினவ நான்தான்."

அவர் சோற்றைத் தன் தட்டிலேயே போட்டு, கையால் பிசைந்து, ஆறவைத்துத் தேன்மொழி முன்னால் தள்ளினார். பிள்ளையின் மூக்கு விடைத்தது. எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. ஆனால் கை நீளவில்லை. கண் அப்பாவின் முகத்துக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

"சாப்பிடச் சொல்லுங்க," என்றார் தவமணி.

குணசீலன் அதட்டலாக, "சாப்பிடு," என்றான்.

அந்தக் குரலில் பிள்ளை நடுங்கிப் போய் ஒரு கவளத்தை அள்ளி வாயில் திணித்தாள். மெல்லாமல் விழுங்கினாள். புரையேறி இருமினாள். இருமியபடியே அப்பாவைப் பார்த்தாள், சரியாகச் சாப்பிட்டேனா என்று கேட்பது போல.

அப்போதுதான் குணசீலன் அந்தக் கண்ணைப் பார்த்தான். பார்த்ததும் அவனுடைய கோபம் போய் நிற்க இடம் தேடியது. மனைவியிடம் போனது. அங்கே நிற்க முடியவில்லை. ஆசானிடமே வந்தது.

"பச்சையாக் குடுத்தாலும் தப்பு, வேகவச்சுக் குடுத்தாலும் தப்பு. அப்ப நான் என்னதாம்மா செய்யணும்?"

"எந்திரிச்சு வெளிய போங்க."

"என்னையவா?"

"உங்களைத்தான்."

அவன் போனான். வாசலைத் தாண்டிப் புங்கமரத்தடியில் குடிலுக்கு முதுகைக் காட்டி நின்றான். கை இரண்டும் முஷ்டியாகவே இருந்தன. பஸ் ஏறி ஊருக்கே போய்விடலாமா என்று நினைத்தான். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றும் நினைத்தான். சற்று நேரத்தில் தவமணி வந்து பக்கத்தில் நின்றார்.

"எவ்வளவு நேரம் இப்படி நிக்கணும்?" என்று கேட்டான்.

"அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்."

"இன்னைக்கு மட்டுமா?"

தவமணி குடிலின் பக்கம் காதைத் திருப்பினார்.

உள்ளே தட்டு நகரும் சத்தம் கேட்டது. சுகந்தி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். சின்னவன் சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அம்மா," என்றது தேன்மொழியின் குரல். "இன்னுங் கொஞ்சம் போடும்மா."

ஆறு மாதமாக அந்தப் பிள்ளை எதையும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டதில்லை. அவன் கழுத்து தன்னால் குடிலின் பக்கம் அசைந்தது.

"திரும்பாதீங்க," என்றார் தவமணி.